எதைப் பிரிப்பது என்று சொல்லுங்கள்

சுத்தியலைக் கீழே வையுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பார்த்தால் எல்லோர் கையிலும் ஒரு சுத்தியல் இருக்கிறது, எந்தச் சுவரைத் தட்டலாம் என்று கண் அலைகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். பழைய கட்டடங்களுக்கு நாடி பார்க்கிற வேலையிலிருந்து எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள், ஆனாலும் செங்கல்பட்டு வீட்டில் சேர்ந்தாற்போலக் கொஞ்ச நேரம் உட்கார முடியவில்லை. "நீ நாற்காலியைத் தட்டிப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன், அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை" என்பார் என் வீட்டுக்காரர். ஆகவே நின்றுகொண்டே சொல்கிறேன், நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

எந்தக் கருவியை எங்கே வைப்பது, அறிக்கையை எப்படி எழுதுவது என்பதற்கெல்லாம் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் பொறுமை கிடையாது. பார்க்க வேண்டியதையெல்லாம் சரியாகப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்ததும் எல்லாம் தலைகீழாகிப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு மீனவர் குப்பம். பெயர் வேண்டாம். அந்த ஜனங்கள் இப்போது என்னோடு நன்றாகப் பேசுகிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. குப்பத்தின் கடைசி வீட்டைத் தாண்டினால் மணலில் ஒரு பழைய மாதா கோயில், பக்கத்தில் ஃபாதர் தங்குகிற சாமியார் வீடு, ஒரு சின்னக் கூடம். எல்லாமே வயதானவை. கோயிலுக்குக் கிழக்கே கடல் பக்கம் பீடம், மேற்கே ஈசிஆர் ரோட்டைப் பார்த்து வாசல். ஓட்டுக் கூரை, அதைத் தாங்க வரிசையாக மர உத்தரங்கள்.

அங்கே பூசைக்கு வருகிறவர்கள் இரண்டு விதம். குப்பத்து ஜனங்கள் சீக்கிரமே வந்து, பீடத்துக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். சிறுசேரிப் பக்கம் அடுக்குமாடிகளில் இருக்கிற கம்ப்யூட்டர் கம்பெனிக் குடும்பங்கள் காரில் வந்து, பூசை ஆரம்பித்த பிறகு, வாசல் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார்கள். அதாவது குப்பம் கடல் பக்கம், கார்க்காரர்கள் ரோடு பக்கம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் அத்தனை ரகளையும்.

கட்டடத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியது பங்குப் பேரவை. அவர்கள் வழக்கில் பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த மொத்த ஜனங்கள். அவர்கள் முன்னால் மூன்று யோசனைகள் இருந்தன. ஒன்று, இருப்பதைச் சரி செய்வது. இன்னொன்று, இடித்துவிட்டு அங்கேயே கான்கிரீட்டில் கட்டுவது. மூன்றாவது, ஈசிஆர் ஓரமாக இடம் பார்த்துப் புதுக்கோயில் கட்டிக்கொண்டு, இதை மாதாவுக்கு ஒரு சின்ன மாடமாக விட்டுவிடுவது. பேரவைச் செயலாளர் சேவியர் என்பவர் சிறுசேரியில் மேனேஜர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், ரோடு ஓரமா போயிட்டா எல்லாருக்கும் வசதி. நீங்க மனசாட்சிப்படி சொல்லுங்க, ஆனா இதையும் கொஞ்சம் யோசிங்க" என்றார். ஏன் என்று கேட்டிருக்கலாம். நான் ஏணியைத் தேடிப் போய்விட்டேன்.

ஏணியில் நின்று ஸ்குரூ டிரைவரால் உத்தரத்தைக் குத்திக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து ஒரு குரல்.

"எம்மா, சாமி வூட்ட இன்னாத்துக்கு குத்திக்கினு கீற?"

அதுதான் பிலோமினா. கரையில் மீன் ஏலம் எடுத்து மாமல்லபுரம் ஓட்டல்களுக்குப் போடுகிறவர். குரல் படகு வரைக்கும் கேட்கும்.

"உள்ளே எப்படி இருக்குன்னு பாக்கறேம்மா."

"பாரு, பாரு. ஆனா ஒன்னு சொல்லிட்டேன். சாமி ரோட்டாண்ட போயிடிச்சின்னு வையி, அடுத்த மாசமே ரிசார்ட்டுக்காரன் வந்து இங்க வேலி போட்ருவான். இந்தக் கோயிலு கீறதாலதான் இந்த மணலு இன்னும் எங்க மணலா கீது. புரிதா?"

"நான் மரத்த மட்டும்தாம்மா பாக்க வந்தேன்" என்றேன்.

"மரத்த மட்டும் பாக்கறவங்களக் கண்டாத்தான் எனக்கு பேஜாரு" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மரம் விஷயத்தில் சந்தேகமே இல்லை. வாசல் பக்கத்து உத்தரங்கள் நல்ல தேக்கு, ஆணி இறங்கவில்லை; மேலே ஓடுகளை மட்டும் மாற்றி அடுக்கினால் போதும். பீடத்துப் பக்கம் யாரோ பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசியிருந்தார்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கி, சுவரில் புதைந்திருக்கும் உத்தரத்தின் முனைகளைத் தின்றுவிட்டது. வெளியே பளபளவென்று பெயிண்ட், உள்ளே ஸ்குரூ டிரைவர் டீயில் முக்கிய பொறைக்குள் போவது மாதிரிப் போனது. உடனே சவுக்குக் கட்டைகளால் முட்டுக் கொடுத்தேன். பீடத்துப் பக்கத்துப் பாதியைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே யாரும் போகக்கூடாது என்றேன். பூசை வெளியே பந்தலுக்கு மாறியது.

ஓட்டை இறக்கி, மரத்தைக் கழற்றி, கெட்டதை மாற்றித் திரும்ப ஏற்ற வேண்டும். நம் தொழிலில் இதற்குப் பிரிப்பது என்று பேர். உங்களுக்கும் எனக்கும் அந்த வார்த்தையில் ஒரு கோளாறும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே பந்தலில் கூட்டம். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடல் பக்கம் வானம் கறுத்து, பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. காற்று வலுப்பதற்குள் முடிவெடுக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. ஃபாதர் என்னை அறிமுகப்படுத்தி முடிப்பதற்குள் மைக்கை வாங்கிவிட்டேன்.

"நான் முழுசா பாத்துட்டேன். சுத்தி வளைச்சுப் பேச விரும்பலை. பிரிக்கிறதத் தவிர வேற வழி இல்லை."

பந்தல் கப்சிப் ஆனது. கவனமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ரோடு பக்கம் இருக்கிறதெல்லாம் நல்லா கெட்டியா இருக்கு. பிரச்சனையே கடல் பக்கம் இருக்கிறதுதான். வெளியில பாத்தா பளபளன்னு இருக்கு, உள்ளே மொத்தமும் அழுகிப் போச்சு."

பின்னால் நாற்காலி வரிசையில் சிலர் கை தட்டினார்கள். உத்தரத்துக்குக் கை தட்டுகிறவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் கைதட்டல் யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ரெண்டையும் இனிமே ஒண்ணா வெச்சிருக்க முடியாது. கெட்டது நல்லதையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும். நல்லத ஒரு பக்கமா எடுத்து வெச்சிட்டு, அழுகினதத் தூக்கி வெளியே போட்டுடலாம்."

"யார்ரீ அது அழுகினது?"

பிலோமினா எழுந்து நின்றார். அவரோடு முன்வரிசை முழுவதும் எழுந்தது. பாய்கள் காற்றில் புரண்டன. "நல்லவங்க கெட்டவங்கன்னு பிரிக்கிறதுக்கு நீ இன்னா மேலேர்ந்து வந்த சாமியா? கார்ல வர்றவங்க கெட்டி, நாங்க அழுகலா?" என்று கத்தினார். பின்னாலிருந்து ஒருவர், "மேடம் கரெக்டாத்தானே சொல்றாங்க, பிரிக்கட்டும்!" என்றார். ஃபாதர் மைக்கை என்னிடமிருந்து பிடுங்கினார், அது கீச்சிட்டது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஒரு மர உத்தரத்துக்காக மனிதர்கள் இப்படி அடித்துக்கொள்வார்களா என்று திகைத்து நின்றேன்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். "எங்களப் பிரிக்கணும்னா, எங்க மேலயே கோயில இட்ச்சிக்கோங்க!" என்று சொல்லிக்கொண்டே பிலோமினா கோயிலுக்குள் போனார். பெண்கள் எல்லோரும் பின்னாலேயே போனார்கள். கயிற்றைத் தூக்கிக் குனிந்து, வழக்கமாக உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். அந்த அழுகிய உத்தரத்துக்கு நேர் கீழே. அதிலும் ஒருத்தி, சாய்ந்துகொள்ள வசதியாக இருக்கிறது என்று, நான் முட்டுக் கொடுத்த சவுக்குக் கட்டையில் முதுகைச் சாய்த்திருந்தாள்.

பயந்து போனேன்.

"போலீஸுக்குச் சொல்லட்டுமா மேடம்?" என்றார் சேவியர். குப்பத்து ஆண்கள் ஏற்கெனவே வாசலில் திரண்டுவிட்டார்கள். போலீஸ் வந்தால் இழுபறி நடக்கும், யாராவது தள்ளுவார்கள், ஒரு முட்டு நழுவினால் போதும். "யாரும் உள்ளே வராதீங்க. ஒருத்தர் கூட வேணாம்" என்று வாசலில் எல்லோரையும் நிறுத்திவிட்டு நான் மட்டும் கயிறு வரைக்கும் போனேன். போய் என்ன செய்தேன்? கத்தினேன்.

"எழுந்து வெளியே வாங்க! பிரிக்காம வுட்டா தலையில விழும்!"

"சாபம் வேற வுடறியா?" என்றார் பிலோமினா. "மொதல்ல குந்து. தலைக்கு மேல நின்னுக்கினு கத்தறவகிட்ட நான் பேச மாட்டேன்."

உட்காருவதைவிட அந்த உத்தரத்தைக் கையால் தாங்கி நிற்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உட்கார்ந்தேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம், தரையில்.

"மொதல்ல அந்தக் கட்டையில சாயாதம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினேன். அவள் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

பிலோமினா விரல் மடக்கிச் சொன்னார். "பிரிக்கணும்னு சொன்னது யாரு? நீ. ரோடு பக்கம் கெட்டி, கடல் பக்கம் அழுகல்னு சொன்னது யாரு? நீ. ஒண்ணா வெச்சிக்க முடியாது, தூக்கி வெளியே போடுன்னது? அதுவும் நீ. சிறுசேரிக்குத் தனிப் பங்கு பிரிக்கப் போறாங்கன்னு ஊரே சொல்லிக்கினு கீது. அத உன் வாயால சொல்ல வெச்சாங்க, அவ்ளோதான?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். எதிலும் கூரை இல்லை. உத்தரம் இல்லை, ஓடு இல்லை. தமிழில் எதை என்று சொல்லாமலேயே முழு வாக்கியம் பேசிவிடலாம். கூரையைப் பார்க்க வந்தவள் கூரையைத்தானே சொல்வாள் என்று நான் நினைத்தேன், பங்கு பிரியுமோ என்று பயந்துகொண்டிருந்தவர்கள் பங்கைத்தானே சொல்கிறாள் என்று கேட்டார்கள். கை தட்டினவர்களும் அதையேதான் கேட்டிருக்கிறார்கள்! அடக் கடவுளே, அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை.

"இன்னா இளிப்பு?" என்றார் பிலோமினா.

வெளியே காற்று ஒரு தூக்கு தூக்கியது. ஓடுகள் கடகடத்தன. மேலிருந்து ஒரு பிடி பழுப்புப் பொடி பிலோமினாவின் தோளில், அந்த ஞாயிற்றுக்கிழமைச் சேலை மேல் விழுந்தது. தட்டிவிட்டார், விரலில் தேய்த்துப் பார்த்தார், நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"அதுதான்" என்றேன். "நான் அழுகிப் போச்சுன்னு சொன்னது அதைத்தான். அந்த உத்தரத்த. பிரிக்கணும்னு சொன்னது இந்தக் கூரையைம்மா, உங்கள இல்லை."

ஜெபமாலை நின்றது. "கூர கூரன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு வாய் வல்லியா?" என்றார். முட்டில் சாய்ந்திருந்தவள் முதலில் சிரித்தாள், பிறகு எல்லோரும். "எங்க நைனா கரைக்கு வந்ததும் கட்டுமரத்தோட கட்ட அவுத்துக் காயப்போட்டு, போறப்ப திருப்பிக் கட்டுவாரு. அத பிரிக்கிறதுன்னா சொல்லுவாங்க? அவுத்துக் கட்டறதுன்னு சொல்லேன்."

"சரி, அவுத்துக் கட்டறது. இப்ப வெளியே வாங்க."

யாரும் எழவில்லை. பிலோமினா சிரிக்கவும் இல்லை.

"அவுக்கறதுக்கு நீ கீற. திருப்பிக் கட்டறதுக்கு யாரு கீறா?"

கேட்டீர்களா? தப்பாகப் புரிந்துகொண்டார்கள், திருத்திவிட்டேன், கதை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். ஓட்டை இறக்கிய பிறகு பூசையை எங்கே வைப்பது? மழையில் பந்தல் நிற்காது என்று பேரவையில் ரோடு ஓரமாக ஒரு வாடகைக் கூடம் பார்த்து வைத்திருந்தார்கள். அங்கே போன பூசை திரும்பி வராமலே இருந்துவிட்டால்? கூரை இல்லாத நாலு சுவரை வைத்துக்கொண்டு குப்பம் என்ன செய்யும்? வார்த்தையைத் தப்பாகக் கேட்டிருந்தாலும் விஷயத்தை அவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். "சேவியர் சார், திரும்ப ஏத்துவீங்களா?"

"பேரவையில பேசிட்டு..." என்று இழுத்தார்.

"பாத்தியா?" என்றார் பிலோமினா.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் மட்டுமில்லை, என் மேலும். எந்த மரம் எத்தனை காலம் தாங்கும் என்று பார்க்கத் தெரிந்தவள், கழற்றிய பிறகு என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. மேலே இன்னொரு தடவை கடகடத்தது. யோசிக்க நேரமும் இல்லை. மனதில் பட்டதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"கூரையை மொத்தமா பிரிக்க மாட்டேன். கடல் பக்கத்துப் பாதியை மட்டும் பிரிச்சு, மரத்த மாத்தி, ஓடு போட்டு முடிப்பேன். அதுக்கப்புறம்தான் ரோடு பக்கத்துக் கூரையில கை வைப்பேன். அதுவரைக்கும் எல்லாருக்கும் பூசை இங்கேயே, வாசல் பக்கத்துப் பாதியில. வாடகைக் கூடம் கிடையாது. ஒரு ஞாயித்துக்கிழமை கூடப் பூசை இந்த மணல விட்டுப் போகாது. இதுக்குச் சம்மதம்னா நான் இருக்கேன். மொத்தமா பிரிக்கணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

"அந்த இடத்துல எல்லாரும் எப்படி மேடம் உக்கார்றது?" என்றார் சேவியர்.

"நெருக்கிக்கிட்டு. முட்டி இடிக்க இடிக்க உக்காந்தா, சீக்கிரம் முடிங்கன்னு நீங்களே மேஸ்திரியத் துரத்துவீங்க."

பெண்கள் சிரித்தார்கள். சேவியர் சிரிக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எனக்கு ரிசார்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம் மேடம். எங்கம்மாவுக்குப் பூசை பாக்கணும். வீல்சேர் மணல்ல மாட்டிக்குது. வாராவாரம் நான்தான் தூக்கிட்டு வர்றேன். இன்னும் எத்தனை நாள் என்னால முடியும்? அதுக்குத்தான் ரோடு ஓரமா கேட்டேன்."

பிலோமினா எழுந்தார். "அட, அத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? அவுங்கவுங்க மனசுல ஒன்ன வெச்சிக்கினு கோயில இழுத்துக்கினு போறாங்க!" என்று திட்டிக்கொண்டே கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்தார். ஒவ்வொருத்தியாகப் பின்னால் வந்தார்கள். கடைசிப் பெண் கயிற்றைத் தாண்டிய பிறகுதான் எழுந்தேன்.

சேவியரின் அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒரு பாதை. ரோட்டிலிருந்து வாசல் வரைக்கும் தட்டையான கல். மூன்று யோசனைகளை வைத்துக்கொண்டு அத்தனை நாள் சண்டை போட்டவர்கள் யாருக்கும் அது நாலாவது யோசனையாகத் தோன்றவில்லை, எனக்கும்தான். மாமல்லபுரம் சிற்பக் கூடங்களில் ஒதுக்கிப் போட்டிருந்த பலகைக் கற்களைக் கேட்டு வாங்கி, மழைக்கு முன்னாலேயே பதித்துவிட்டோம். இனி யாராவது உங்களிடம் வந்து, இடிக்கலாமா, கட்டலாமா, மாற்றலாமா என்று கேட்டால், உனக்கு இதில் என்னப்பா கஷ்டம் என்று முதலில் கேளுங்கள். ஏணி எங்கேயும் ஓடிவிடாது.

பாதிப் பாதியாகச் செய்தது சுலபமாக இல்லை. மேஸ்திரி என்னைத் திட்டாத நாள் இல்லை. நடுவில் மழை பிடித்துக்கொண்டது, தார்ப்பாய் பறந்தது, கடல் பக்கம் கூரை இல்லாமல் வெறும் வானம் தெரிந்தது. திரும்ப ஏற்றாமல் போய்விடுவார்களோ என்று எனக்கே தூக்கம் கெட்டது. நினைத்தபோதெல்லாம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். வாசல் பக்கத்துப் பாதியில் பாயும் நாற்காலியும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு கார்க்காரப் பெண்மணி மடியில் குப்பத்துக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "எப்ப மேடம் முடியும், கால நீட்ட முடியலை" என்று என்னிடம் புலம்பியவர், கூட்டத்தில் கை தட்டினவர்.

கடல் பக்கத்துக் கூரை ஏறியது, பிறகு ரோடு பக்கத்துக் கூரையும். முழுக்கூரையின் கீழே முதல் பூசைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவரவர் பழைய இடத்துக்குப் போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சிலர் போனார்கள், சிலர் இடம் மாறியே உட்கார்ந்தார்கள். சேவியரின் அம்மாவின் வீல்சேர் யாரும் தூக்காமலே கல் பாதையில் உருண்டு வந்து, பீடத்துக்கு முன்னால் பிலோமினாவின் பாய் ஓரத்தில் நின்றது. நான் தலையைத் தூக்கி உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண் கலங்குவதை யாரும் பார்க்க வேண்டாம் என்று.

பூசை முடிவில் ஃபாதர், "இஞ்சினியர் அம்மா இரண்டு வார்த்தை பேசுவாங்க" என்று மைக்கை நீட்டினார். எழுந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"எம்மா!" முன்னாலிருந்து அந்தக் குரல். "நீ வாயத் தொறக்காத, உனக்கு ஒரு கும்பிடு! குந்து!"

கோயில் முழுக்கச் சிரித்தது. அவர் நகர்ந்து பாயில் எனக்கு இடம் விட்டார். நான் மைக்கை ஃபாதரிடமே கொடுத்துவிட்டு, போய் உட்கார்ந்தேன்.